மீட்டரைத் தாண்டாத நெட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சிலுவைமுத்து, அவர் மனைவி பிலோமி, மகள் சில்வியா. செல்போன் திரைக்குள், குவைத்திலிருந்து, சில்வியாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா சாரா. சிலுவைமுத்து கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க குடும்பத்துக்கு இதுவரைக்கும் ஒரு கெட்ட பேரு..." என்று அவர் தொடங்கினார். அத்தோடு படம் நின்றது. 'கெடையாதும்மா' என்ற சொல் குவைத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

மறுநாள் சாராவிடமிருந்து சில்வியாவுக்குச் செய்தி வந்தது. "இன்னா கெட்ட பேருன்னு அப்பா சொல்லாம நிறுத்திட்டாரு. அடுத்த ஞாயிறு தெளிவா சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

மூன்று தலைமுறையாக இராயபுரத்தில் நிமிர்ந்து நடந்த குடும்பம் அது. தெருமுனையில் குகைபோலக் கட்டிய மாதா கெபிக்கு விளக்கு எரிவதே அவர்கள் வீட்டு மின்சாரத்தில்தான். தாத்தா காலத்தில் இழுத்த வயர். தினமும் மாலை ஆறு மணிக்கு சிலுவைமுத்துவே வாசலோரத்து சுவிட்சைத் தட்டுவார். அங்கே கெபியில் விளக்கும், திருவிழா மைக்செட்டுக்கென்று வைத்த பிளக்கும் உயிர் பெறும். அந்த உரிமையைத் தனக்குத் தரும்படி பக்கத்து வீட்டு அலெக்ஸாண்டர், பங்குச் சாமியாரிடம் இரண்டு முறை கேட்டார். கிடைக்கவில்லை. ஆகவே சிலுவைமுத்துவுக்குச் சந்தேகப்பட வேறு ஆள் தேவைப்படவில்லை.

"நெட்டு தானா நிக்கல. அலெக்ஸாண்டர் இஸ்துக்கினு கீறான்."

"வைஃபை பெட்டி மாடியில கீது நைனா. நாம கீழ கீறோம். நடுவுல தாத்தா கட்ன சொவுரு," என்றாள் சில்வியா.

"அவன் வூட்டு டிவில மேட்ச்சு நிக்காம ஓடுது. எப்டி?"

"அவுங்களுக்கும் கனெக்‌ஷன் கீது நைனா."

"கீதுன்னு அவன் சொல்லிக்கினு கீறான்."

பிலோமி நடுவில் புகுந்தாள். "நெட்ட வுடுங்க. கெபியாண்ட கொசு புடுங்குது. ஒரு ஜெபமால முழுசா சொல்ல முடில."

"இப்ப குடும்ப மானம் பேசிக்கினு கீறேன். நீ கொசுவ இஸ்துக்கினு வர்ற."

திங்கட்கிழமை அவர் பாஸ்வேர்டை மாற்றினார். தாத்தாவின் முழுப்பெயரும் ஞானஸ்நானத் தேதியும். அதை இரண்டாவது முறை சரியாக அடிக்க அவராலேயே முடியவில்லை. செவ்வாய் முழுவதும் வீட்டில் யாருக்கும் நெட்டு இல்லை. புதன்கிழமை, அலெக்ஸாண்டர் வீட்டுச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பெரிய தாம்பாளத்தை நிறுத்தினார். அலெக்ஸாண்டர் வீட்டு மேட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சில்வியா மொட்டை மாடிக்குப் போய் ஆபீஸ் வேலை பார்த்தாள்.

வியாழக்கிழமை வண்ணாரப்பேட்டையில் டில்லிபாபுவின் கடை.

"ரெண்டு வழி கீது சார்," என்றான் டில்லிபாபு. "இன்னொரு வைஃபை பெட்டிய கீழ வெச்சா, காத்துலயே வரும். இல்லாங்காட்டி பவர்லைன் அடாப்டர். மேல ஒரு பிளக்குல ஒண்ணு, கீழ ஒரு பிளக்குல ஒண்ணு. உங்க வூட்டு கரண்டு வயருலயே நெட்டு ஓடும்."

"வைஃபையே போதும் நைனா," என்றாள் சில்வியா.

"காத்துல போறது எவன் கையில வோணா சிக்கும். ஏம்பா, வயருல போனா அடுத்த வூட்டுக்குப் போவுமா?"

"உங்க மீட்டருக்கு உள்ள கீற பிளக்குல மட்டுந்தான் சார்."

சிலுவைமுத்து மீசையைத் தடவினார். மீட்டரைத் தாண்டாது. குடும்பத்துக்குள்ளேயே இருக்கும். இதுவல்லவா முறை.

வாங்கிய அடாப்டர் பெட்டிக்குள் மூன்று இருந்தன. "இந்த மூணாவது கீதே, வயருல வர்றத வாங்கி வைஃபையாவும் வுடும்," என்றான் டில்லிபாபு. சிலுவைமுத்து வீட்டுக்கு வந்ததும் அதை ஷோகேஸ் டிராயருக்குள் போட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கூடத்தில் நெட்டு பறந்தது. "பாத்தியா?" என்றார் மகளிடம். மாலை ஏழு மணிக்கு அதே கூடத்தில் செல்போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமையும் அப்படியே. காலையில் பாய்ச்சல், விளக்கு வைத்ததும் படுக்கை.

டிராயரைத் திறந்தார். மூன்றாவது அடாப்டரைக் காணவில்லை.

"டிராயர்ல இருந்த அடாப்டர எடுத்தியா?"

"அடாப்டரெல்லாம் நான் எதுக்குத் தொடறேன்?" என்றாள் பிலோமி. அவள் பொய் சொல்லுகிறவள் அல்ல.

"வியாழக்கெழம ஏணி கேட்டு வந்தது யாரு?"

"அலெக்ஸாண்டரண்ணன்."

"அவ்ளோதான்."

பழி சுமத்தும் முகத்தோடு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். தெருமுனை கெபியின் முன்னால் இருபது, இருபத்தைந்து பேர். பூசைக்கே வராத வாலிபர்கள். அத்தனை பேரும் தலை குனிந்து, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஏற்றிய விளக்கின் கீழே. கடைசியில் அலெக்ஸாண்டர், எல்லோரையும்விடத் தாழ்வாகக் குனிந்து.

"மனசாட்சி உறுத்துது," என்று பிலோமியிடம் சொன்னார். "மாதாகிட்ட அழட்டும். நான் போயி கேக்க வேணாம்."

ஞாயிறு வந்தது. ஆறு மணிக்கு சுவிட்சைத் தட்டினார். ஆறரைக்கு கழுத்துப் பட்டன். சாரா திரையில் வந்து, "வணக்கம்ணே" என்றாள். அப்படியே கைகூப்பிய சிலையானாள். சில்வியா தலையில் கை வைத்துக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று சிலுவைமுத்து கண்ணை மூடியபோது சாதாரண அழைப்பு வந்தது. சில்வியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நெட்டு கெடக்குதுண்ணே," என்றாள் சாரா. "உங்க பக்கத்துல, கல்மண்டபத்துல கீற என் தங்கச்சிய வுட்டு விசாரிச்சேன். உங்க கெபில அற்புதமாமே. ஆறு மணிக்கு நீங்க வெளக்கு போட்டா, தெருவுல கீற அத்தினி பசங்களும் தலைய குனிஞ்சிக்கினு வந்து ஒக்காந்துடறாங்களாம். கரண்டு உங்க வூட்டுதாமே. இந்த மாதிரி குடும்பத்துல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்."

சிலுவைமுத்து எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு கேட்கிற வார்த்தையா அது?

"எல்லாம் மாதா செயல்மா. எங்க கரண்டு வெறும் கருவிதான்."

கெபியருகே பூக்கடை வைத்திருக்கும் பச்சையம்மா, பிலோமிக்கு மல்லிச்சரம் கொண்டு வந்து வாசலில் நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, உள்ளே வந்து, செல்போன் பக்கம் குனிந்தாள்.

"அற்புதமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. இந்தக்கா டிராயர்லேர்ந்து ஒரு கொசு மிஷினு எட்தாந்து கெபி பிளக்குல சொருவி வெச்சுது. பாஸ்வேர்டு அதும் முதுவுலயே எழுதிக்கீது, கொசு ஒண்ணும் போவல, நெட்டுதான் வருது."