கேசரி மறுக்காத வம்சம்

மூன்றாவது கரண்டி கேசரி தட்டில் விழுந்தபோது குப்புசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று சொல்லவா முடியும்? வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்த பையனின் அப்பா தேவேந்திரன் எதிரே உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அந்த ஆள் தரகரிடம் சொல்லியனுப்பியதால் வந்தது. "சக்கரை இருக்கிற வம்சமே வேணாம்பா. அது ஜீன்லயே வருதாம். அப்பனுக்கு இருந்தா பொண்ணுக்கு, அப்பறம் எங்க பேரனுக்கு."

என்ன திமிர்! பிள்ளையார்பாளையத்தில் நான்கு தலைமுறையாகத் தறி போட்டு நெய்கிற குடும்பத்தின் ரத்தத்தைச் சோதிக்க இவர் யார்? குப்புசாமிக்குச் சர்க்கரை இருப்பது உண்மைதான். அதற்காகக் கேட்டுவிடுவதா?

ஆனால் பதினொரு வரன்களைத் தட்டிக்கழித்த மகள் காயத்ரி, இந்த ஜெயக்குமாரின் போட்டோவைப் பார்க்காமலேயே சரியென்று தலையாட்டியிருந்தாள். இதுவும் கெட்டுப்போனால் வேறு வரன் கிடையாது. அதனால் காலையிலேயே மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் போய்விட்டது.

கேசரியை விழுங்கிவிட்டு, "சம்பந்திக்கும் வைம்மா" என்றார் மனைவி அகிலாவிடம். தேவேந்திரன் அசராமல் தின்றார். தின்றுவிட்டு, தான் கொண்டுவந்த ஜாங்கிரிப் பெட்டியைத் திறந்து இந்தப் பக்கம் தள்ளினார். குப்புசாமி நான்கு தின்று, காபிக்கு இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை கேட்டார். தேவேந்திரன் மூன்று கேட்டார். ஜெயக்குமார், போதும்பா என்றான். உள்ளேயிருந்து காயத்ரியும் அதையே சொன்னாள். யார் கேட்டார்கள்?

அரை மணியில் ஒரு குடம் தண்ணீர் காலி. கழிவறைக்குப் போன குப்புசாமி கதவைத் திறந்தால், வெளியே தேவேந்திரன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். "வெயில் ஜாஸ்திங்க" என்றார். தை மாதத்தில் வெயிலாம்!

திரும்பி வந்து உட்கார்ந்த தேவேந்திரன் அப்படியே சாய்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கலாம் என்றார் குப்புசாமி.

"வேணாங்க. ஏனாத்தூர் கிளினிக்குக்கே போயிடலாம்."

அங்கேயா! ஊருக்குத் தெரியக் கூடாதென்று குப்புசாமி சர்க்கரைக்கு வைத்தியம் பார்ப்பதும் அதே ஏனாத்தூர் கிளினிக்கில்தான். ரிப்போர்ட் வாங்கக்கூட மகளைத்தான் அனுப்புவார். ஆனால் கூடப் போகாமல் இருப்பது மரியாதை இல்லையே.

நர்ஸ் ஏஞ்சல் எதுவும் கேட்காமல் இரண்டு பேர் விரலையும் பிடித்துக் குத்தினாள். "அவருக்கு நானூத்திப் பத்து. உங்களுக்கு நானூத்தி இருபது. ரெண்டு பேருமே மாத்திரை போடலியா சார்?"

தேவேந்திரன் படுத்தபடியே எகிறினார். வம்சத்திலேயே வைத்துக்கொண்டு மூடி மறைத்தீர்களா என்றார். நீங்கள் மட்டும் யோக்கியமா, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றார் குப்புசாமி.

அது ஒரே ஒரு ஜீன் இல்லை, நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன மாறுதல்கள், ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், மீதி தின்பதிலும் நடப்பதிலும் இருக்கிறது என்று ஏஞ்சல் சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேரும் மற்றவரின் பாட்டனை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏஞ்சல் ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"கத்தாதீங்க சார். ரெண்டு வருஷமா மாசாமாசம் உங்க ரெண்டு பேரு சக்கரை ரிப்போர்ட்டை வாங்க வந்து, அதோ அந்த பெஞ்சுல காத்துக்கினு இருந்துதான் உங்க பொண்ணும் அவரு பையனும் பழகினதே."