கோப்பைக்குள் ஓடிய மாயே

ஓர் ஆற்றைக் கண்ணால் பார்க்காமலேயே அதைக் கரைத்துக் குடித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார்.

தொண்ணூறுகளில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஓர் இத்தாலிய ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'மாயே அண்ணை'. மாயே என்பது வட இத்தாலிய மலைகளில் ஓடும் ஒரு சின்ன ஆறு. கடை முதலாளியின் ஊர் அதன் கரையில் இருந்தது.

அப்போது என் மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இரண்டு மொழி குழப்பும்" என்றார் டாக்டர். நிறுத்தினால் எந்த மொழியில் கொஞ்சுவது? நிறுத்தாமல், அவன் பேசாமலே போய்விட்டால்? இந்தக் கவலையோடு நான் போகும் இடம் அந்தக் கடை. அங்கே மட்டும்தான் அவன் ஒருவர் வாயை, அண்ணையின் வாயையே, பார்த்துக்கொண்டிருப்பான்.

அண்ணையிடம் வனிலா கேட்டால் முதலில் பூகோளம் கிடைக்கும்.

"இது சிவெத்தா மலை, தங்கச்சி. இஞ்சதான் மாயே பிறக்குது." இரண்டு உருண்டைகளுக்கு நடுவே சாக்லேட் சாறு இறங்கும். "கீழ பியாவே எண்டு பெரிய ஆறு. அதில போய் விழும்." வேஃபர் பாலமாகும். பின்னால் நிற்கும் ஜெர்மானியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆறு போய்ச் சேர்வதற்குள் மலை உருகிவிடும்.

"பாத்தியளே, வெள்ளம் வந்திட்டுது!" என்று கோப்பையை நீட்டுவார்.

பிறகு பிராணிகள். சலவைக்கல் மாதிரி உடம்பெல்லாம் கோலம் போட்ட மீன். தண்ணீருக்குள் இறங்கி நடக்கும் கறுப்புக் குருவி.

"குருவி தண்ணிக்குள்ள நடக்குமா? நீங்க பாத்தீங்களா அண்ணை?"

"எனக்குப் போக ஏலாது. அகதி வழக்கு முடியேல்லை. பக்கத்து ஊருக்கே அனுமதி கேக்கோணும். முதலாளி பாதி சொன்னவர்."

"மீதி?"

"ஆறெண்டா என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாதோ?"

குழந்தைக்குத் தப்பாகச் சொல்லித் தருகிறாரோ என்று வேறு பயந்தேன்.

ஒரு சனிக்கிழமை, சாறு வழியத் தொடங்கியதும் மகன் விரலை நீட்டினான்.

"மா..."

நான் அவன் பக்கம் குனிந்தேன். "சொல்லுடா கண்ணா! அம்மா!"

"மா... யே!"

தமிழா ஜெர்மனா என்று நான் தவித்த கேள்விக்கு அவன் இத்தாலிய மொழியில் பதில் சொல்லிவிட்டான். அண்ணை கையிலிருந்த சாற்றை மறந்தார். மாயே கரையுடைத்து மேசையெல்லாம் ஓடியது.

"குறை நினைக்காதேங்கோ, தங்கச்சி. அம்மாவில பாதி சொல்லிட்டானே!"

வீடு வரும்வரை அவனோடு தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தேன். நிறுத்தவே இல்லை.

அடுத்த கோடையில் இத்தாலி போனபோது, வழியைச் சுற்றிக்கொண்டு மாயேவுக்கும் போனோம். பாலத்தடியில் ஒரு கறுப்புக் குருவி தண்ணீருக்குள் இறங்கியது. நடந்ததா, தெரியவில்லை. மகன் ஆற்றைப் பார்த்தான். பிறகு சுற்றுமுற்றும் தேடினான்.

"அண்ணை எங்க?"

வந்திருக்க முடியாது என்று தெரிந்தும், நானும் திரும்பிப் பார்த்தேன்.