பன்னிரண்டாவது பெட்டியின் முகம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ரகசியம் காக்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் வாயால் காக்கவில்லை, துளை போடும் மிஷினால் காத்தார்.

டிரில்லண்ணன் என்போம். ஆபீஸ்கள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களை வாங்கி, அரிமளம் சாலையில் தகரக் கொட்டகையில் வைத்துத் துடைத்து, புது டிஸ்க் போட்டு விற்பார். ஆபீஸ் விவரமெல்லாம் தங்கியிருக்கும் பழைய டிஸ்க்கை மட்டும் விற்கமாட்டார். அதில் மூன்று ஓட்டை போடுவார். பெட்டியைக் கொடுத்தவர் எதிரே நிற்க வேண்டும். டிஸ்க்கின் நம்பரை உரக்கப் படித்துவிட்டு, சுடுகாட்டில் சொல்வது போலவே, "மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்க" என்பார். பிறகுதான் மிஷின் உறுமும். ஆள் நிற்காவிட்டால் துளை கிடையாது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேனேஜர். ஊரில் பாதிப் பேரின் சர்க்கரை, உப்பு, இன்னும் வெளியே சொல்ல முடியாத பலதும் என் பொறுப்பு. பன்னிரண்டு பெட்டிகளைக் கொண்டுபோனேன். பதினொன்று வரை முகம் பார்த்தேன். அதற்குமேல் டீ குடிக்கத் தோன்றியது. பன்னிரண்டுக்கும் துளை போட்டதைப் பார்த்ததாக அவர் நோட்டில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவினேன்.

"பாக்காததுக்குக் கையெழுத்துப் போடாதீங்க சார்," என்றார். படித்தவன் அல்லவா, சிரித்தேன்.

இரண்டாவது டீயில் போன் வந்தது. நான் திரும்பி வருவேன் என்று பன்னிரண்டாவது பெட்டியை ஓரமாக வைத்திருந்தாராம். அவர் கொல்லைப்பக்கம் போன நேரத்தில், கந்தர்வக்கோட்டை டியூஷன் வாத்தியார் தான் வாங்கிய பெட்டிகளோடு அதையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை.

"உள்ள டிஸ்க்கு உசுரோட இருக்கு சார்," என்றார்.

மிஷினையும் எடுத்துக்கொண்டு கிளம்பிய அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. எனக்கோ ரிசல்ட்டுகள்தான் தெரிந்தன. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண். மாமியாருக்குத் தெரியாமல் வந்துபோன ஒரு மருமகள். ஊருக்கே உபதேசம் செய்யும் ஒரு பெரியவர். அப்புறம் நான். என் சர்க்கரை அளவை மனைவியிடம் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தேன். கை நடுங்கியது. சர்க்கரையா, பயமா என்று பிரித்துப் பார்க்க அங்கே லேப் இல்லை.

"அண்ணே, யாராச்சும் தொறந்து பாத்துட்டா?"

"நீங்க டீ குடிச்சிருக்கக் கூடாது," என்றார். அவ்வளவுதான் ஆறுதல்.

டியூஷன் வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது, பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நிற்க, வாத்தியார் பிளக்கோடு குனிந்துகொண்டிருந்தார். அண்ணன் ஒயரைப் பிடுங்கினார். அங்கேயே பிரித்து, நம்பர் படித்து, "மொகம் பாத்துக்கங்க" என்றார். கண் கொட்டாமல் பார்த்தேன். மூன்று ஓட்டை. அவர் கையும் நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டினார். "போன வருசம் ஒங்க லேப்புக்கு நானும் வந்தேன் சார். நீங்கதான் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தீங்க."

ஞாபகம் வந்தது.

என் சர்க்கரையை இதோ ஊருக்கே எழுதிவிட்டேன். வீட்டில் இன்று தனிக் கவனிப்பு உண்டு. அண்ணனுடைய ரிசல்ட்டை மட்டும் கேட்காதீர்கள். அதற்கு மூன்று ஓட்டை போட்டாயிற்று.