கிளினிக்கில் பெயிலாகாத தோட்டம்

நீரிழிவு நோயை வென்ற தோட்டம் உலகில் ஒன்றே ஒன்றுதான். அது பசறைக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம். வென்ற குழுவின் செயலாளர் நான்.

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். அடுப்பு மூட்டி, சீனி போடாமல் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கிறேன். அந்த ஒரு கோப்பையைக் கழுவி வைக்கிறேன். ஏழு மணிக்குக் குழுவின் ஆண்டறிக்கையை எழுத உட்காருகிறேன்.

எங்கள் முறை எளிமையானது. மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளினிக். அதற்கு முந்திய இரண்டு நாளும் யாரும் சோறோ ரொட்டியோ தொடக் கூடாது. புதனன்று இரத்தத்தில் சீனி குறைந்திருக்கும். அனைவரும் 'பாஸ்'. வியாழன் முதல் 'வழமைக்குத் திரும்பலாம்'. இந்த முறையைச் சுற்றறிக்கையாக எழுதியவனும் நான்தான். தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் கல்லூரி வரை படித்தவன் நான் ஒருவனே.

கூட்டங்களில் விஞ்ஞானம் வளர்ந்தது.

"நான் தேத்தண்ணியில சீனியே போடுறதில்ல தலைவரே," என்றார் இராக்கம்மா. "உள்ளங்கையில வச்சு நக்கிக்கிறேன்."

"அப்போ அது கணக்குல வராது," என்று தீர்ப்பளித்தார் தலைவர் வீரசிங்கம். குறிப்பேட்டில் பதிந்தேன்.

புதிதாக வந்த டாக்டர் வேறொரு சோதனை செய்தார். கடந்த மூன்று மாதச் சீனியையும் அது காட்டிக்கொடுத்தது.

"ரெண்டு நாளு பட்டினி கெடந்ததுக்கு ஒரு மதிப்பு வேணாமா?" என்றார் தலைவர். "இது வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரியில்ல இருக்கு."

சோதனைக்கு எதிரான கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கேக் வெட்டினோம்.

என் மனைவி ஜெயந்தினி கொழுந்து பறிப்பவள். வயது முப்பத்தொன்று, பத்து வருடமாகச் சீனி வியாதி. ஒரு மாலை மலையிலிருந்து வந்தவளின் பாதத்தில் விரல் நீளத்துக்கு முள் ஏறியிருந்தது.

"வலிக்கலையா?"

"தெரியவே இல்லைங்க. அட்டை கடிச்சாலும் தெரியிறதில்ல. நல்லதுதானே?"

நீண்ட நாள் சீனி கால் நரம்புகளைக் கெடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழு மாற்றுக் கருத்துக் கொண்டது. 'வலியை வென்ற முதல் உறுப்பினர்' என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

புண் கறுத்தது. புதன்கிழமை எப்படியும் கிளினிக்தானே என்று காத்திருந்தோம். செவ்வாய் மாலை மயங்கி விழுந்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. விடிந்தபோது அவள் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் உருகினார். "நம்ம குழு நல்லா இருக்கணும்னுதான் அந்தப் புள்ள கடைசியா சொல்லுச்சு." அதையும் பதிந்தேன்.

வார்டில் தலைவர் இருக்கவில்லை. நான் இருந்தேன். டாக்டர் வருவதைக் கண்டதும் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, ரெண்டு நாளா நான் ஒண்ணும் சாப்புடலைன்னு அவருகிட்ட சொல்லிறாதீங்க. உங்க பேரு கெட்டுரும்."