எல்லா நட்சத்திரத்துக்கும் வால்

மட்டாஞ்சேரி,
ஜனவரி 1986

மரியாதைக்குரிய மச்சான் சங்கரலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் பிச்சைமணி கைகூப்பி எழுதுவது. இங்கே வீரலட்சுமி சுகம். கோவில்பட்டியில் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பகவதி துணை. சுகமில்லாதது என் வயிறு ஒன்றுதான், அது எரிகிறது.

காரணம் பக்கத்து வீட்டு நீலகண்டன். ஹாலி வால்நட்சத்திரம் வருகிறதென்று ஊரே பேசுகிறதல்லவா, அவன் ஒரு டெலஸ்கோப் செய்து மாடியில் நிறுத்தினான். அவன் செய்தால் நான் செய்யக்கூடாதா? கண்ணாடி வாங்கி, தண்ணீர்க் குழாயில் பொருத்தி, கேமராவையும் மாட்டினேன். இதை விட்டால் இன்னும் எழுபத்தாறு வருஷமாம். வீரலட்சுமி அதை முதலில் என் குழாயில் பார்க்க வேண்டும், அவன் குழாயில் இல்லை. வேறு ஆசையே கிடையாது மச்சான். அவளோ தோசை ஊற்றும்போதும், "நீலகண்டன் சேட்டன் குழல்ல நட்சத்திரம் ஊசி குத்தின மாதிரி தெரியுது. ஒங்க குழாயில எல்லாம் ஒழுகுதே?" என்கிறாள். கட்டினவன் தொண்டையில் தோசை எப்படி இறங்கும்?

போன வாரம் பொழுது சாய்ந்ததும் எடுத்த படத்தில் வாலோடு ஒன்று விழுந்துவிட்டது! தெருவுக்கே லட்டு கொடுத்தேன். நீலகண்டன் லட்டைத் தின்றுவிட்டுப் படத்தைப் பார்த்துச் சொல்கிறான்: "அண்ணா, எல்லா நட்சத்திரத்துக்கும் வால் இருக்கே, இது என்ன கொரங்குக் கூட்டமா? கண்ணாடி கோணியிருக்கு. பின்னாடி மூணு ஸ்குரூ இருக்கில்லே, அதைத் திருப்பி நேராக்கணும்." எவ்வளவு பொறாமை பாருங்கள் அவனுக்கு! ஒரு ஸ்குரூவையும் தொட விடவில்லை நான்.

படத்தின் மூலைகள் வேறு இருட்டடித்திருந்தன. அதற்கும் ஒரு யோசனை சொன்னான். குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால் எங்கே மங்கல், எங்கே தூசி என்று தெரியுமாம். பிரிண்ட் போடும்போது அதைப் பார்த்துச் சரிக்கட்டலாமாம். வீட்டில் வெளுப்பான துணி ஓணத்துக்கு நீங்கள் எடுத்துத் தந்த கசவுமுண்டு வேட்டி ஒன்றுதான். கட்டினேன். ஜரிகைக் கரை குறுக்கே விழுந்ததை யார் கண்டது? ஸ்டுடியோக்காரன் அதையும் சரிக்கட்டிப் பிரிண்ட் போட்டதில், மச்சான், ஆகாசத்துக்கே கரை வைத்துத் தந்துவிட்டான். தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "என்ன அண்ணா, மேலயும் ஓணமா?"னு நீலகண்டன் கேக்கான். வீரலட்சுமி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கலை.

ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, உங்கள் தங்கையிடம் நாலு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தப் பயலிடமும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு முத்தம், மாட்டுக்கும் என் விசாரிப்பு.

உங்கள் மாப்பிள்ளை,
பிச்சைமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நீலகண்டன் மாடியேறி வந்துவிட்டான். "மேகம் விலகியிருக்கு அண்ணா, ஒரு நிமிஷம் தா" என்று, நான் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே மூன்று ஸ்குரூவையும் திருகிவிட்டான். மச்சான், எல்லா வாலும் போய்விட்டது. ஒன்றே ஒன்றுக்குப் போகவில்லை! வீரலட்சுமிதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, நம்ம குழாயிலயா!" என்று என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. பிறகு நீலகண்டன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "என் குழலைவிட இதுல தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த சாயாவைக்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே நீங்கள்! வயிறு எரிகிறது அவனுக்கு. நல்ல மனுஷன் மச்சான், தங்கமான மனுஷன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.