குதித்த படிகமும் ஓடிய நானும்

வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். நானே வளர்த்த படிகத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவனும் நான்தான். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது.

அப்போது ஆராய்ச்சியில் முதல் வருஷம். என் வழிகாட்டி எஸ்தர் மேடம். (அவர் குரல் மாடிப்படியில் கேட்டாலே கையிலிருக்கும் குடுவையைக் கீழே வைத்துவிடுவேன்.) மூன்று மாதம் இருட்டு அலமாரியில் வைத்து, ஊசி ஊசியாகக் கொஞ்சம் படிகம் வளர்த்திருந்தேன். அதற்குள் மூலக்கூறுகள் டவுன் பஸ் கூட்டம் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கும். வெயில் பட்டால் பக்கத்து மூலக்கூறோடு கைகோத்து வேறு பொருளாகிவிடும். கரைக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், கெட்டியாக இருக்கும்போதே வினை முடிந்துவிடும். அப்படி மாறுவதற்கு முன்னால் அதை வெளியூர் ஆய்வகத்துக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்ப வேண்டும்.

"வெளிச்சம் பட்டுச்சுன்னா உன் ஆராய்ச்சி அம்புட்டுதான்" என்று சொல்லி, சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கறுப்புத் தாளில் சுற்றிக் கொடுத்தார் மேடம். கெட்டுப்போனால் இன்னொரு தடவை வளர்க்கலாமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ்காரர்களிடம் பார்சல் கொடுத்துவிடுவது நம்ம ஊர் வழக்கம். (மல்லிகைப் பூவே அப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது.) உச்சி வெயில். கண்டக்டர் குப்பியை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"பிரிச்சுக் காட்டாம ஏத்த மாட்டேன் தம்பி."

"வெயில் படக் கூடாதுண்ணே."

"வெயில் படாத அளவுக்கு அப்படி என்ன சரக்கு?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தாளைப் பிரித்துவிட்டார்.

டிக்.

குப்பிக்குள் ஏதோ துள்ளியது. டிக், டிக். படிகம் மாறும் என்று தெரியும். குதிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். படித்தவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தார், பாவம். "வெடிக்கப் போகுது, ஓடுங்க" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக நான் ஓடினேன். அவர் குப்பியைப் பக்கத்திலிருந்த பூ மூட்டைமேல் போட்டுவிட்டு என் பின்னால், அவர் பின்னால் பஸ்ஸிலிருந்த கூட்டமே. ஒரு செருப்பு போயிற்று, நான் நிற்கவில்லை.

கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெடித்தால் போலீஸ், வெடிக்காவிட்டால் மேடம். போலீஸே தேவலை என்று தோன்றியது.

அந்தப் பூ மூட்டைக்குச் சொந்தக்காரர் முத்துலட்சுமி அக்கா. அவர் மட்டும் ஓடவில்லை. குப்பியையும் செருப்பையும் கொண்டுவந்து நீட்டினார்.

"இம்புட்டுக்குத்தானா தம்பி இந்த ஓட்டம்? கடுகாட்டம் பொரிஞ்சுச்சு, அடங்கிருச்சு."

உள்ளே ஊசி ஒன்றுகூட இல்லை. வெறும் தூள்.

தூளைப் பார்த்து மேடம் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"குதிச்சுச்சா? எது முதல்ல குதிச்சுச்சு? எவ்வளவு நேரம்?"

"பாக்கல மேடம்."

"நீ எங்க இருந்தே?"

"ஓடிட்டேன் மேடம்."

மேடம் என் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "யார் பார்த்தாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வா."

மறுநாள் அக்கா ஆய்வகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மேடம் என் நோட்டில் எழுதினார். "மெலிசா இருந்தது முதல்ல, தடிச்சது கடைசியா. ஒரு வெத்தலை போட்டு முடிக்கிற நேரம்." நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

மறுபடி மூன்று மாதம் வளர்த்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். அக்கா சொன்னது அப்படியே சரி. உள்ளே மூலக்கூறுகள் இடம் மாறும் இறுக்கம் தாங்காமல்தான் ஊசி தெறித்துக் குதிக்கிறது. ஆய்வேட்டில் அந்தக் குதிப்புக்கு ஒரு அத்தியாயமே உண்டு, நன்றியுரையில் முதல் பெயர் அக்காவுடையது.

இன்றைக்கும் தாளிக்கும்போது கடுகு வெடித்தால் அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "டாக்டர், இந்தத் தடவ செருப்பப் போட்டுக்கிட்டு ஓடுங்க."