காளை கிஷாந்தின் கோப்பை

"அழிச்சிட்டீங்களா இல்லியா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி பூரணி கேட்டாள்.

"அழிச்சிட்டேன், அழிச்சிட்டேன்" என்றார் செல்லசாமி.

அழித்தது உண்மைதான். ஆனால் அவசரத்தில் 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமுக்கித் தொலைத்திருந்தார். ஆகவே வாட்ஸ்அப் குழுவில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் அவர் எழுதியது குத்துக்கல் மாதிரி நின்றது. அவர் கண்ணுக்கு மட்டும் மறைந்துவிட்டது.

அவர் எழுதியது இவ்வளவுதான்: 'அது தேத்தண்ணி இல்ல. கோப்பி.'

ஹட்டன், வட்டவளைப் பக்கத்து வாத்தியார்மார், கடைக்காரர்கள், தோட்டத்து உத்தியோகத்தர்கள் சேர்ந்து நடத்தும் பங்குச் சந்தைக் குழு அது. பெயர்தான் பங்குச் சந்தை. பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். கொழும்பிலிருந்து யூடியூபில் முழங்கும் காளை கிஷாந்த் சொல்வதை நம்பலாமா, கூடாதா? இதை வைத்து அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கல்யாணப் பேச்சுகூட முறிந்ததாகக் கேள்வி.

கிஷாந்த் தினமும் காலையில் தங்கப் பிரேம் கண்ணாடியோடு தோன்றுவார். எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று அடித்துச் சொல்வார். சொல்வதற்கு முன்னால் வெள்ளைக் கோப்பையிலிருந்து ஒரு மிடறு குடித்து, "நம்ம மலையகத்துத் தேத்தண்ணி! இது இருக்கிற வரைக்கும் தேயிலைப் பங்கு விழாது!" என்பார். அவர் விடாமல் சிபாரிசு செய்தது ஒரே ஒரு தேயிலைக் கம்பெனியை. செல்லசாமி வேலை பார்த்ததும் அந்தக் கம்பெனியின் பெக்டரியில்தான்.

செல்லசாமி அங்கே டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்து தூளாக வெளியே போகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. நாள் முழுக்கச் சாயத்தை உறிஞ்சித் துப்பி, இது தேறும், இது தேறாது என்று சொல்பவர். குழுவில் அதுவரை வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குக் கிஷாந்தின் கோப்பையைக் கிட்டத்தில் காட்டினார்கள். அந்த நிறத்தைப் பார்த்ததும் விரல் அரித்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செல்லசாமி விரலால் கெட்டார்.

கைபேசி அலறியது. வட்டவளை ஜெயந்தினி டீச்சர். கிஷாந்தை நம்பாத கட்சிக்கு அவர்தான் தலைவி.

"ஐயா, ஒங்க அறிக்கையைப் பாத்தேன். அசத்திட்டீங்க!"

"அறிக்கையா? ரெண்டு வரிதானம்மா எழுதுனேன்!"

"ரெண்டு வரி போதும் ஐயா. அந்த ஆளு ஏறும்னா எறங்குது, எறங்கும்னா ஏறுது. எங்க வூட்டுச் சேவல் இதவிட நல்லா சொல்லும்னு நான் எவ்வளவு நாளா கத்துறேன்! இப்ப டீமேக்கரே சொல்லிட்டீங்க."

"நான் பங்கப் பத்தி ஒண்ணும் சொல்லலியே!"

டீச்சர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

விளக்கம் எழுதிவிட்டால் விஷயம் அடங்கிவிடும் என்று செல்லசாமி நினைத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்: 'நிறத்தை வச்சுத்தான் சொன்னேன். நல்ல சாயம் செம்பு நிறத்துல இருக்கணும். கோப்பை ஓரத்துல பொன் மாதிரி ஒரு வளையம் தெரியணும். இதுல கரிதான் தெரியுது. மத்தபடி கிஷாந்த் நல்ல மனுசன்.'

டீச்சர் நல்ல மனுசனை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பேஸ்புக்கில் போட்டார். தலைப்பு: 'கோப்பைக்குள் மோசடி! தேயிலை நிபுணர் பகிரங்கம்!'

மத்தியானம் தூறலில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் பிரதாப் வந்து இறங்கினான். ஹட்டனில் போன் கடை வைத்திருப்பவன். கிஷாந்த் சொன்னார் என்று இருந்ததையெல்லாம் அந்தத் தேயிலைக் கம்பெனிப் பங்கில் போட்டவன்.

"ஐயா, ஒங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? காலையிலேர்ந்து என் பங்கு எறங்கிக்கிட்டே போவுது!"

"தம்பி, ஒக்காருங்க. தல நனைஞ்சிருக்கு, தொவட்டிக்கங்க."

"தலை கெடக்கட்டும். ஒரு வார்த்த பேசி அனுப்புங்க ஐயா. ஒங்க வாயால சொன்னாத்தான் ஆளுங்க நம்புவாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. செல்லசாமிக்கு மனசு கேட்கவில்லை. அவன் நீட்டிய போனில் பேசினார்: "கோப்பி குடிக்கிறது ஒண்ணும் குத்தமில்லீங்க. தேயிலைக்காரன்கூட ஆசைக்கு ஒரு நாளைக்குக் கோப்பி குடிக்கத்தான் செய்வான்."

பிரதாப்புக்குத் திருப்தி. செல்லசாமிக்கும் திருப்தி. அந்தக் குரல் ஊர் சுற்றி வந்தபோது 'ஆசைக்கு ஒரு நாளைக்கு' எங்கேயோ வழியில் விழுந்துவிட்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில், கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே ஒரே சிரிப்பு.

"டீமேக்கர் ஐயா வூட்ல கோப்பிதானாமே!"

"பின்ன? நம்ம தூளு எப்புடின்னு அவருக்குத் தெரியாதா!"

பூரணி வெளியே தலைகாட்டவில்லை. "ஊரு வாய மூட ஒல மூடி ஏது? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தீங்க" என்று பழமொழிகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினாள்.

அன்றைக்குக் காலை கிஷாந்த் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று அர்த்தம்.

"ஹட்டன் டீமேக்கர் அவர்களே! வர்ற ஞாயித்துக்கிழமை ஹட்டனுக்கே வர்றேன். நான் வழக்கமா குடிக்கிறதக் கொண்டு வர்றேன். ஆயிரம் பேருக்கு முன்னால குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. கோப்பின்னா நான் சேனலை மூடுறேன். தேத்தண்ணின்னா நீங்க மன்னிப்புக் கேக்கணும்!"

குழுவில் இரண்டு கட்சியும் சந்தோஷத்தில் குதித்தன. செல்லசாமி மட்டும் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

போட்ட கையை எடுப்பதற்குள் பெரிய தொரையிடமிருந்து ஆள் வந்துவிட்டது. தோட்டத்துக்கே மனேஜர் அவர். மேசையில் ஒரு பைலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீமேக்கர், இந்த மாசத்தோட ஒனக்கு வயசு முடியுது. இன்னும் ரெண்டு வருசம் நீடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கே."

"ஆமாங்க தொர. மக நிலக்ஷி இன்னும் கெம்பஸ்ல படிக்கிறா. குவாட்டர்ஸ விட்டா எங்களுக்குப் போக எடமில்லீங்க."

"நான் கையெழுத்து வெக்கிறேன். ஞாயித்துக்கிழமை அந்த மனுசன் குடுக்கிறதக் குடிச்சிட்டு, தேத்தண்ணின்னு சொல்லு."

"குடிச்சுப் பாத்துட்டு..."

"பாக்க வேணாம். குடி. தேத்தண்ணின்னு சொல்லு. கம்பெனிப் பங்கு விழுந்தா நானும் விழுவேன், நீயும் விழுவே."

நியாயமான பேச்சுத்தான். ஒரே ஒரு வார்த்தைக்கு இரண்டு வருசச் சம்பளம், கூரை, மகளின் படிப்பு. இதைவிட லாபகரமான வார்த்தையை எந்தப் பங்குச் சந்தையிலும் விற்கமாட்டார்கள். செல்லசாமி தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று முணுமுணுத்துப் பழகினார். பக்கத்திலிருந்தவர் பாவப்பட்டு, ஹட்டனில் இறங்கியதும் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் ஜெயந்தினி டீச்சரின் ஆட்கள், மறுபக்கம் பிரதாப்பின் ஆட்கள். நடுவில் முன்வரிசையில் பெரிய தொரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் கிஷாந்த் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவருடைய டிரைவர் ஒரு துணிப்பையும் பிளாஸ்க்குமாக வந்தான். கொழும்பில் வேலை பார்த்தாலும் அவனும் மலைநாட்டுப் பையன்தான். மூடியைத் திறந்து வெள்ளைக் கோப்பையில் பவ்வியமாக ஊற்றினான்.

"நான் தெனமும் குடிக்கிற அதேதான். கலப்படமில்ல, களவுமில்ல!" என்று கிஷாந்த் மைக்கில் முழங்கினார்.

செல்லசாமி கோப்பையை வாங்கினார். பெரிய தொரை லேசாகத் தலையசைத்தார். சர்ரென்று ஒரு உறிஞ்சு.

அவர் முகம் கோணியது.

வாயெல்லாம் கரி. நாக்கின் அடியில் ஒரு கசப்பு, தொண்டையில் ஒரு புகை. மணம் என்று சொல்ல மருந்துக்கும் ஒன்றுமில்லை. 

"சொல்லுங்க ஐயா!" என்று கூட்டம் கத்தியது.

"இது... தே..." என்றார்.

பிரதாப் எழுந்து நின்றுவிட்டான்.

"தே..." அதற்குமேல் வரவில்லை. பழகிப் பழகி வைத்திருந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்று அடம்பிடித்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. குவாட்டர்ஸ் வந்தது. கையெழுத்தாகாத காகிதம் வந்தது. ஆனாலும் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து இந்த நாக்கு. அதையும் விற்றுவிட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து என்ன செய்ய? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தார்.

"தேத்தண்ணி இல்லீங்க! வேல போனாலும் போவட்டும். இது கோப்பி! அதுவும் கருகுன கோப்பி, மட்டமான கோப்பி! இதத் தேத்தண்ணின்னு சொன்னா இந்த வாயால நாளைக்கு நான் சோறு திங்க முடியாது!"

மண்டபம் அதிர்ந்தது. ஜெயந்தினி டீச்சர் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டார். பிரதாப் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பெரிய தொரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஓடிவந்து செல்லசாமிக்கு மாலை போட்டார்கள். வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு நிறைந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையில் நிமிர்ந்து நின்றார்.

ஊற்றியவனுக்குத்தான் பொறுக்கவில்லை. தான் கோப்பி கலந்து ஏமாற்றியதாக ஊர் நினைத்துவிடுமோ என்ற பதற்றத்தில், பைக்குள் கைவிட்டு ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக்கொண்டு டிரைவர் மைக்குக்கு முன்னால் ஓடிவந்தான்.

"சாமி சத்தியமா கோப்பி இல்லீங்க! இது ஐயா பெக்டரித் தூளுதாங்க, அந்தா ஒக்காந்திருக்காரே ஒங்க பெரிய தொர, அவருதான் மாசாமாசம் காசுக் கவரோட சேத்து எங்க சாருக்கு அனுப்புறாரு!"